காங்கிரீட் போட்டு முடிச்சாச்சு... பைப்லைனைக் கழுவும்போது ஏன் இவ்வளவு ஆபத்து?

அடுக்குமாடிக் கட்டடங்களில் தளம் போடும்போது, கீழே நிற்கும் பம்ப்பில் இருந்து மேல் மாடி வரை இரும்புக் குழாய் ஏறிப் போவதைப் பார்த்திருப்பீங்க. வேலை முடிந்ததும் அந்தக் குழாய் காலியாகிவிடும்னு நினைக்கிறோம். ஆனா, பரவலாகப் பயன்படும் 125 மி.மீ. குழாயில் மீட்டருக்குச் சுமார் 12 லிட்டர் காங்கிரீட் நிற்கும். 100 மீட்டர் லைன் என்றால் கிட்டத்தட்ட 3 டன்! சில மணி நேரத்தில் இது இறுகிவிடும், நம்ம ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே. அதனால் உடனே வெளியேற்றியாகணும்.

முதலில் பம்ப்பை ரிவர்ஸில் ஓட்டி லைனில் உள்ள பிரஷரை இறக்குவார்கள். பிறகு குழாய்க்குள் ஸ்பாஞ்ச் பந்தைத் திணித்து, தண்ணீரோ கம்ப்ரஸர் காற்றோ கொடுத்துத் தள்ளுவார்கள்.

தண்ணீரா, காற்றா?

சிக்கலே இங்கேதான். தண்ணீர் அழுத்தினாலும் பெரிதாகச் சுருங்காது; வழி கிடைத்ததும் பிரஷர் சட்டென இறங்கிவிடும். காற்று அப்படியில்லை, அமுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி. 5 பார் அழுத்தத்தில் பந்தைத் தள்ளும் விசை 600 கிலோ எடைக்குச் சமம். முன்னால் காங்கிரீட் இருக்கும்வரை பந்து மெதுவாக நகரும். கடைசிச் சில மீட்டரில் தடுக்க எதுவும் இருக்காது. பந்து குண்டு போலப் பாயும், ஜல்லி சிதறும், முனையில் ரப்பர் ஹோஸ் இருந்தால் சுழன்று ஆளையே அடித்து வீழ்த்தும்.

அதனால் முடிந்தவரை தண்ணீர்தான் நல்லது. காற்றுதான் வழி என்றால், ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, பந்தைப் பிடிக்கும் இரும்புக் கூண்டை முனையில் மாட்டணும். சாக்கைக் கட்டிச் சமாளிக்கிற ஐடியா வேண்டவே வேண்டாம். முனைக்கு எதிரே யாரும் நிற்கக்கூடாது. வால்வை ஒரே ஆள்தான் இயக்கணும். பந்து முனையை நெருங்கும்போது காற்றைக் குறைக்கணும். வெளிமாநிலத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள சைட்களில், 'நிறுத்து' என்பதற்கு எல்லோருக்கும் புரியும் கைச்சைகையை முன்பே பேசிவைப்பது அவசியம்.

நடுவில் அடைத்துக்கொண்டால்?

பிரஷரைக் கூட்டாதீங்க! காற்றை நிறுத்தி, ரிலீஸ் வால்வைத் திறந்து, மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை காத்திருக்கணும். அப்போதும் அவசரப்பட்டு கிளாம்ப்பைத் தட்டிவிடக்கூடாது. இரண்டு அடைப்புகளுக்கு நடுவே சிக்கிய காற்றை மீட்டர் காட்டாது. இந்த வேலை அனுபவமுள்ள ஆபரேட்டருக்கு மட்டும்தான்.

கழுவிய தண்ணீரும் சும்மா இல்லை. சிமென்ட் கலந்த காரநீர், தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கையுறை, கண்ணாடி, கம்பூட்ஸ் கட்டாயம். அந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடாமல் தனிக் குழியில் தேக்கணும்.