காப்பும் கறுவும்

தாக்க வந்தவனைத் தடுத்தல் குற்றமாகாது என்பதைக் கல்லாதாரும் அறிவர். ஆயின், அத்தடுப்புக்குச் சட்டம் வகுத்த எல்லை யாது என்பதைக் கற்றாருள்ளும் பலர் அறியார். வேலித் தகராற்றிலே தன்னைக் காக்கப் பொல்லெடுத்தவன் கொலைக் குற்றவாளியாய்க் கூண்டில் நிற்பது இவ்வறியாமையின் பயனே.

இலங்கையில் இதுபற்றிய விதிகள் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையில், 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகளில் அமைந்துள்ளன. மெக்காலே பிரபுவின் வரைவிலிருந்து தோன்றிய 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது இக்கோவை. இந்தியாவில் அம்மூலச் சட்டம் நீங்கி, 2024 யூலை 1ஆந் திகதி புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஈண்டோ பழைய கோவையே நிலவுகின்றது.

இவ்வுரிமை தன்னுடலைக் காத்தற்கு மட்டும் உரியதென எண்ணற்க. பிறர் உடலையும், தன் பொருளையும், பிறர் பொருளையும் காத்தற்கும் அஃது உரியது. அயலவன் அடிபடக் கண்டு தடுக்கப் புகுந்தவனும் சட்டத்தின் நிழலிலேயே நிற்கின்றான். பித்தேறியவன் தாக்கினால், அவனைச் சட்டம் தண்டியாதாயினும், அவனிடமிருந்து தன்னைக் காக்கும் உரிமை நமக்குக் குறைவதில்லை.

உரிமைக்கு எல்லைகளும் உள. பொலிசார் முதலிய அதிகாரிகளின் துணையை நாடக் காலமிருப்பின், தானே வலிமை காட்டுதல் ஆகாது. காத்தற்கு வேண்டிய அளவின் மேற்பட ஊறு செய்தலும் ஆகாது. உயிர்க்கேடு, கொடுங்காயம், கற்பழிப்பு, ஆட்கடத்தல் போன்றவற்றுக்கு அஞ்சும் நிலையிலும், கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் மனைக்குத் தீயிடல் போன்றவற்றைத் தடுக்கும் நிலையிலுமே, எதிரியின் உயிர் போகுமளவுக்கு இவ்வுரிமை நீளும். வளவில் தேங்காய் திருடியவனைக் கொல்லச் சட்டம் இடங்கொடாது.

எல்லைகளுள் தலையாயது காலம். அஞ்சுதற்குத் தக்க காரணம் தோன்றியவுடன் உடற்காப்புரிமை பிறக்கின்றது; முதலடி விழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அவ்வச்சம் நீங்கியவுடன் உரிமையும் நீங்குகின்றது. கத்தியோடு வந்தவன் அதனை எறிந்துவிட்டுப் புறங்காட்டி ஓடுகின்றான் என்க. அவனைத் துரத்திச் சென்று வெட்டுவது காப்பாகாது, அது கறுவு. போர்க்களத்திலேயே புறங்கொடுத்தோர்மேல் படை ஓச்சாத மறத்தைத் ‘தழிஞ்சி’ எனப் பெயரிட்டுப் பாராட்டும் புறப்பொருள் வெண்பாமாலை. வேலியோரத்துச் சண்டைக்கு அவ்வறம் மிகையாமோ?

நல்லெண்ணத்தோடும் முன்னெண்ணமின்றியும், வேண்டிய அளவின் மேற்பட ஊறு செய்யும் கருத்தின்றியும் காப்புரிமையை மீறிக் கொன்றவனது செயல் கொலைக் குற்றத்தினின்றும் ஒரு படி தாழும். எனினும், குற்றம் முற்றும் நீங்காது. அன்றியும், 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 105ஆம் பிரிவின்படி, தற்காப்பை நிறுவும் பொறுப்பைக் குற்றஞ் சாட்டப்பட்டவர்மீதே சுமத்துகின்றது. ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டுவதில்லை. அவ்வாறு நிகழ்ந்ததே பெரிதும் பொருந்தும் எனக் காட்டின் அமையும் என்று 1942இல் குற்ற மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவித்தது. ஆயினும், சண்டையைக் கண்ட சான்றோர் இல்லாதவிடத்து அதுவும் எளிதன்று.

வகுப்பறையில் இரு மாணாக்கர் பொருதால், “அவன்தான் முதலில் அடித்தான்” என்ற விடையோடு ஆசிரியர் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். “நீ அடித்தபோது அவன் யாது செய்துகொண்டிருந்தான்?” என்ற வினாவும் உடன் எழுதல் வேண்டும். நாளை நீதிமன்றம் வினவப்போவதும் அதுவே. அதனை இன்றே கேட்டுப் பழகிய பிள்ளை, ஓங்கிய கையைத் தாழ்த்தவேண்டிய கணத்தை அறிவான்.