எண்ணெய்ச் செல்வர் மகன் அமைத்த மோட்டார் புகாச் சாலைகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்தின் கரையோரமாக மவுண்ட் டெசர்ட் என்றொரு தீவு உள்ளது. 1604ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடலோடியான சாமுவேல் தெ ஷாம்ப்லேன் அவ்வழியே கப்பலில் சென்றபோது, மரஞ்செடி ஏதுமின்றி நின்ற கருங்கல் முகடுகளைக் கண்டு, 'வெறுமலைத் தீவு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அப்பெயரே இன்றும் வழங்குகின்றது. ஆனால், வெறுமையாக இருப்பவை முகடுகள் மட்டுமே. அவற்றின் சரிவுகளிலும் இடைப்பட்ட பள்ளத்தாக்குகளிலும் அடர்ந்த காடு மண்டிக்கிடக்கின்றது. இம்மலைகளுள் உயர்ந்ததாகிய கேடிலாக் 1,530 அடி உயரமுடையது. கேமரன் மலையைக் கண்டவர்களுக்கு இது ஒரு குன்றாகவே தோன்றும். எனினும், கடல் மட்டத்திலிருந்தே எழுந்து நிற்பதால் பார்வைக்கு அது பெருமலையாகவே விளங்குகின்றது.

இக்காட்டின் ஊடே சுமார் 45 மைல் நீளத்திற்கு உடைகல் பரப்பிய சாலைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. தார் இல்லை; காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் அங்கே நுழைய முடியாது. நடந்து செல்வோர், குதிரை ஏறுவோர், குதிரை வண்டியில் செல்வோர், சைக்கிள் ஓட்டுவோர் ஆகியோருக்கே அவை உரியவை. சரளைப் பாதையில் சற்று அகன்ற டயர்கள் பூட்டிய சைக்கிளில் நெடுந்தொலைவு செல்லும் பழக்கம் அண்மைக்காலத்தில் மேலை நாடுகளில் பெருகியிருக்கின்றது. அதனை விரும்புவோர் தேடிவரும் இடங்களுள் இந்த அகேடியா தேசியப் பூங்காவும் ஒன்று. ஆனால், இச்சாலைகள் சைக்கிளுக்காகப் போடப்பட்டவை அல்ல. அவற்றைப் போட்டவர் யார் என்று கேட்டால்தான் வியப்பு மிகும்.

அவர் ஜான் டி. ராக்பெல்லர் இளையவர் (1874–1960). இவருடைய தந்தைதான் ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் மாபெரும் எண்ணெய் நிறுவனத்தை உருவாக்கியவர். அந்நிறுவனம் வணிகத்தைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டு போட்டியை ஒடுக்கியது என்று 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதனைப் பல துண்டுகளாகப் பிரிக்க ஆணையிட்டது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருகப் பெட்ரோலும் பெருகி விற்றது; ராக்பெல்லர் குடும்பத்தின் செல்வமும் உடன் வளர்ந்தது. அச்செல்வத்தின் வாரிசே மோட்டார் புக முடியாத சாலைகளைத் தம் சொந்தப் பணத்தில் அமைத்தார் என்பது விந்தையே அன்றோ?

காரணம் எளியது. இளைய ராக்பெல்லர் குதிரை வண்டி ஓட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். குடும்பத்துக்குரிய பெருந்தோட்டங்களில் சாலை அமைக்கும் கலையைத் தந்தையிடமே கற்றவர். 1910இல் இத்தீவிலுள்ள சீல் ஹார்பர் என்னும் ஊரில் கோடைகால மாளிகை ஒன்றை வாங்கினார். அப்போது தீவில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருந்தது. கோடைதோறும் வந்து தங்கிய செல்வர்கள் பலரும் அத்தடையையே விரும்பினர். ஆனால், ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்ந்த மக்களுக்கு மோட்டார் வசதி தேவைப்பட்டது. 1913 முதல் தடை தளரத் தொடங்கியது. ஊர்ச் சாலைகள் கைவிட்டுப் போயின என்று உணர்ந்த ராக்பெல்லர், நிலம் வாங்கித் தமக்கென்று தனிச் சாலைகள் அமைக்கலானார். 1913இல் தொடங்கிய பணி 1940இல்தான் முடிந்தது. தாம் வாங்கிய நிலத்தில் பெரும்பகுதியைப் பின்னர் பூங்காவுக்கே கொடையாக அளித்தார்.

இச்சாலைகளின் அமைப்பு நுட்பமானது. அகலம் சுமார் 16 அடி. அடியிலே பெருங்கற்கள், அவற்றின்மேல் சிறு கற்கள், எல்லாவற்றுக்கும் மேலே பொடிக்கல் என மூன்று அடுக்குகள். சாலையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 6 முதல் 8 அங்குலம் உயர்ந்து, ஆமை முதுகுபோல் இருக்கும். விழுகின்ற மழைநீர் ஒரு கணமும் தேங்காது இரு பக்கமும் வழிந்தோடி, அகன்ற வடிகால்களில் இறங்கி, கல் மதகுகளின் வழியாகச் சரிவின் கீழே போய்விடும். உடைகல் சாலைக்குக் கால்களும் சக்கரங்களும் செய்யும் தீங்கைவிட நீர் செய்யும் தீங்கே பெரிது. நீர் உள்ளே புகுந்து, பனிக்காலத்தில் உறைந்து பருத்து, வெயிற்காலம் வரும்போது உருகி, அடுக்குகளைக் குலைத்துவிடும். ஆகவே சாலை அமைப்பது என்பது பாதி வேலை. மீதிப் பாதி நீரை வெளியேற்றுவதே. தோட்டப்புறத்துச் செம்மண் சாலைகளை மழைக்காலத்தில் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மோட்டாரை விலக்கியது அமைதிக்காக மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஒரு பொறியியல் உண்மையும் அடங்கியிருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லவுடன் மெக்காடம் பரப்பிய முறைப்படி, கூர்முனையுடைய சிறு கற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதனால்தான் சாலை உறுதி பெறுகின்றது. இரும்புப் பட்டையிட்ட வண்டிச் சக்கரமும் குதிரைக் குளம்பும் மேற்கல்லைத் தேய்த்துத் தூளாக்கும். அத்தூள் மழையில் நனைந்து இடுக்குகளில் இறங்கிக் கற்களைப் பிணைக்கும். அதாவது, வண்டி ஓட ஓடச் சாலை இறுகியது! விரைந்து செல்லும் மோட்டார் வண்டியின் ரப்பர் டயரோ இதற்கு நேர்மாறானது. பிணைக்கும் தூளையே உறிஞ்சிக் காற்றில் எறிந்துவிடும். தூள் போனபின் கற்கள் தளர்ந்து சிதறும். மோட்டார் வந்த சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் சாலைகளுக்குத் தார் பூச நேர்ந்ததன் காரணம் இதுதான். எனவே மோட்டாருக்கு இடங்கொடுத்திருந்தால் அகேடியாவின் உடைகல் சாலைகள் உடைகல் சாலைகளாகவே இருந்திருக்க முடியாது.

சைக்கிள் இலேசானது, வேகமும் குறைவு. மெக்காடம் பரப்பிய வகைச் சாலைக்கு அது பெருந்தீங்கு செய்வதில்லை. இன்னொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் நல்ல சாலைகள் வேண்டும் என்று முதன்முதலில் பெருங்குரல் எழுப்பியோருள் 1880இல் சங்கம் அமைத்த சைக்கிள்காரர்களும் இருந்தனர். அவர்கள் கேட்டுப் பெற்ற சாலைகளில் பின்னர் மோட்டார் வந்து அமர்ந்துகொண்டது.

ராக்பெல்லர் மலையை வெட்டிச் சமப்படுத்தவில்லை. சரிவின் போக்கையொட்டியே சாலையை வளைத்து, வேண்டிய இடங்களில் தாங்குசுவர் எழுப்பி, இயன்றவரை மரங்களைக் காத்தார். குதிரைக்கு ஏற்றமாகாத அளவில் ஏற்றங்களை வகுத்தார். சைக்கிள் மிதிப்பவனின் முழங்காலுக்கு இன்று அது வரமாகியிருக்கின்றது. பள்ளமான ஓரங்களில் வண்டி உருண்டுவிடாதபடி பெரிய கருங்கற்களை வரிசையாக நிறுத்தினார். அவற்றுக்கு மக்கள் வைத்த பெயர் 'ராக்பெல்லரின் பற்கள்'! சாலையோரங்களில் நாட்டுச் செடிகளையே நட்டு அழகுபடுத்துவதில் பீட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்னும் தோட்டக்கலை அம்மையார் யோசனை கூறினார்.

பாலங்கள் தனிச்சிறப்புடையவை. 17 கற்பாலங்களுள் 16 ராக்பெல்லரின் பொருளால் கட்டப்பட்டவை. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. முதலாவதான 1917ஆம் ஆண்டுப் பாலம் உருண்டைக் கற்களால் ஆனது. மற்றவற்றுக்குத் தீவிலேயே வெட்டிய கருங்கல் முகப்பாயிற்று.

இத்தனைக்கும் எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. காட்டைக் காப்பதற்காகச் சாலை போடுவதா, சாலை போட்டால் காடு காடாக இருக்குமா என்று 1920களில் வலுவான வாதம் எழுந்தது. பென்சில்வேனியாவின் செனட்டரான ஜார்ஜ் வார்ட்டன் பெப்பர், எதிர்த்தவர்களுள் முக்கியமானவர். அவ்வாதத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட இயலாது. சாலை சென்ற இடமெல்லாம் கூட்டமும் செல்லும் என்பதை இன்றைய கோடைகால நெரிசல் மெய்ப்பிக்கின்றது. மேலும், மோட்டார் புகாத சாலைகளைத் தந்த அதே ராக்பெல்லர், பூங்காவைச் சுற்றிவரும் மோட்டார் சாலை அமைவதற்கும் நிலமும் பொருளும் உதவினார். மோட்டார் வரத்தான் போகின்றது. அதற்கென ஒரு வழியை வகுத்துக் கொடுத்துவிட்டால் எஞ்சிய காடு தப்பும் என்பது அவர் கணக்கு. அதனால்தான் சில பாலங்கள் ஆற்றின்மீது அன்றி, மோட்டார் சாலையின்மீது நிற்கின்றன.

1947ஆம் ஆண்டு அக்டோபரில் பெருந்தீ மூண்டு, தீவில் 17,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதில் 10,000 ஏக்கருக்கு மேற்பட்டது பூங்கா நிலம். எரிந்த கீழ்ப்பகுதியில் ஊசியிலை மரங்களுக்கு மாறாகப் பிர்ச், ஆஸ்பென் முதலியன முளைத்தன. இலையுதிர் காலத்தில் சைக்கிளில் வருவோர் கண்டு மகிழும் பொன்னிறம் அந்தத் தீ விட்டுச்சென்ற தடமாகும்.

1960இல் ராக்பெல்லர் மறைந்தார். அதுவரை அவருடைய ஆட்களே சாலைகளைப் பேணி வந்தனர். பூங்காவிடம் போதிய ஆளும் இல்லை, பொருளும் இல்லை. வடிகால்கள் தூர்ந்தன; ஓரங்களில் மரங்கள் வளர்ந்து சாலை குறுகியது; மேலடுக்கை மழை அரித்துச் சென்றது. பாடுபட்டு அமைத்த பாதை முப்பதே ஆண்டுகளில் சிதையலாயிற்று. 1992 முதல் 1995 வரை அரசாங்கப் பணத்தோடு, 'அகேடியாவின் நண்பர்கள்' என்னும் அமைப்பு திரட்டிய பணமும் சேர்ந்து பெரும் புதுப்பிப்பு நடைபெற்றது. பின்னரும் ஓய்வில்லை. 2021 ஜூனில் சில மணி நேரத்தில் கொட்டிய பெருமழை பல இடங்களில் சாலையை அடித்துச் சென்றது.

இன்றுள்ள விதிப்படி நடப்போரும் சைக்கிள்காரரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். சைக்கிள்காரர் நடப்போருக்கும் வழிவிட வேண்டும். மிதிக்கும்போது மட்டும் துணைபுரியும் மின்விசை சைக்கிள்களுக்கு இப்போது அனுமதி உண்டு. 'மோட்டார் இல்லாச் சாலை' என்ற சொல்லுக்கு அதனால் பொருள் மாறுகின்றதா என்ற கேள்வி எழாமலில்லை. பூங்காவின் எல்லைக்கு வெளியே தனியார் நிலத்திலும் சுமார் 12 மைல் சாலை தொடர்கின்றது. அங்கே நடப்போரும் குதிரைகளும் செல்லலாம், சைக்கிளுக்கு இடமில்லை. வசந்த காலத்தில் பனி உருகி மேல்மண் சேறாகும்போது பூங்காவுக்குட்பட்ட சாலைகளையும் அடைத்துவிடுவர். நிலம் உலர்ந்து கெட்டிப்பட்ட பின்னரே அவற்றின் கதவுகள் திறக்கும்.