வீட்டுக்கு அழகு சேர்க்கும் விசிறி
அறைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மின்சார விசிறி இல்லாத வீடு இன்று அபூர்வம். சோபா வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். திரைச் சீலைக்கு வர்ணம் பார்க்க ஒரு நாள் முழுவதையும் செலவிடுகிறோம். ஆனால், விசிறி வாங்கும்போது மட்டும் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம்.

சோபா பிடிக்காவிட்டால் இடம் மாற்றிப் போடலாம். விசிறியை அப்படிச் செய்ய முடியாது. மாட்டிய இடத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் அறையைப் பார்க்க வேண்டும். பிறகுதான் விசிறியைப் பார்க்க வேண்டும்.

தையல் இயந்திரத்தில் பிறந்தது

ஒரு காலத்தில் கச்சேரிகளிலும் துரைமார்களின் பங்களாக்களிலும் துணிப் பங்கா தொங்கியது. அதைக் கயிறு கட்டி இழுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிலிப் டீல் என்பவர், சிங்கர் தையல் இயந்திரத்துக்காகத் தாம் அமைத்த மின்சார மோட்டாரில் இறக்கைகளைப் பொருத்திக் கூரையில் தொங்கவிட்டார். அது 1882-ம் ஆண்டில். இன்று நம் தலைக்கு மேல் சுற்றும் விசிறியின் மூதாதை அதுதான்.

எந்த அறைக்கு எந்த அளவு?

இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் அகலமே விசிறியின் அளவு. கடைகளில் 900, 1,050, 1,200, 1,400 மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். பழைய கணக்கில் இவை 36, 42, 48, 56 அங்குலம்.

எட்டுக்கு எட்டு அடிக்கு உட்பட்ட சிறிய அறைக்கு 900 போதும். பத்துக்குப் பத்து அடி முதல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி வரை உள்ள அறைக்கு 1,200 பொருத்தம். இரண்டுக்கும் நடுத்தரமான அறைக்கு 1,050 வாங்கலாம். அதைவிடப் பெரிய கூடத்துக்கு 1,400 வேண்டும். இருபது அடி நீளமுள்ள ஒடுக்கமான கூடமானால் நடுவில் ஒரு பெரிய விசிறி போட்டுப் பயனில்லை. 1,200 அளவில் இரண்டு போடுவதே நல்லது.

சிறிய அறையில் பெரிய விசிறி மாட்டினால் கூரையே கீழே இறங்கி வந்ததுபோல் தோன்றும். பெரிய கூடத்தில் சிறிய விசிறியோ யானைக்குக் கட்டிய மணிபோல் இருக்கும். அழகின் முதல் பாடம் அளவுதான்!

உயரம் முக்கியம்

தரையிலிருந்து இறக்கை வரை எட்டு முதல் ஒன்பது அடி இருப்பது நல்லது. ஏழு அடிக்குக் குறையவே கூடாது. கூரைக்கும் இறக்கைக்கும் இடையே ஓர் அடி இடம் வேண்டும். மேலிருந்து காற்று இறங்கி வர வழியில்லாமல் கூரையோடு ஒட்டி மாட்டினால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று குறையும்.

தேக்கு உத்தரங்கள் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும், செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலும் கூரை பன்னிரண்டு, பதினான்கு அடிக்கு மேல் இருக்கும். அங்கே நீளமான குழாய் வாங்கி விசிறியைக் கீழே இறக்க வேண்டும். ஒன்பது அடி உயரமே உள்ள அடுக்கு மாடி வீடுகளில் குட்டைக் குழாய் போதும்.

இதில் ஓர் அபாயத்தையும் மறக்கக் கூடாது. கட்டிலின் உயரம் ஒன்றரை அடி. அதன்மேல் நிற்பவரின் உயரம் ஐந்தரை அடி. இரண்டும் சேர்ந்தால் ஏழு அடி ஆகிவிட்டது. அவர் கையைத் தூக்கினால்? குழந்தையைக் கொஞ்சித் தலைக்கு மேல் தூக்கினால்? அடுக்குக் கட்டில் போட்ட அறையிலும், பரண் உள்ள அறையிலும் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். சுவருக்கும் பரணுக்கும் இறக்கையின் நுனிக்கும் இரண்டடி இடைவெளியாவது இருக்கட்டும்.

வர்ணமும் வடிவமும்

விசிறி கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால் கூரையின் வர்ணத்திலேயே வாங்க வேண்டும். வெள்ளைக் கூரையில் வெள்ளை விசிறி இருப்பதே தெரியாது. தாழ்ந்த கூரையில் கறுப்பு விசிறி மாட்டினால் கூரை இன்னும் தாழ்ந்ததுபோல் இருக்கும். மர உத்தரங்களும் ஊஞ்சலும் உள்ள கூடத்துக்குப் பழுப்பு நிற விசிறி எடுப்பாக இருக்கும்.

பூவேலையும் பள்ளமும் உள்ள இறக்கைகள் கடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் வீட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் தூசி அடையும். துடைக்க ஏறுகிறவருக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். வழவழப்பான இறக்கையானால் ஒரே துடைப்பில் வேலை முடியும். கடற்கரைக்கு அருகில் குடியிருப்பவர்கள் உப்புக் காற்றில் துருப்பிடிக்காத பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இறக்கைகள் அதிகமானால் காற்றும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இறக்கையின் சாய்வு, அகலம், மோட்டாரின் வேகம் ஆகியவையே காற்றைத் தீர்மானிக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தரும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பாருங்கள்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் விட்டு விட்டு விழும். அந்த வெளிச்சத்தில் படிக்கும் பிள்ளைகளின் கண் என்ன பாடுபடும்!

மின்சாரச் செலவு

பழைய மாதிரி விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது மாதிரிக்கு 30 வாட் அளவே போதும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். வீட்டில் நான்கு விசிறி இருந்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மிச்சமாகும் மின்சாரம் அந்த விலையைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தந்துவிடும். இந்த வகைக்குச் சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டர் ஆகாது. அதை நீக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

2023-ம் ஆண்டு ஜனவரி முதல் கூரை விசிறிகளில் நட்சத்திரச் சீட்டு ஒட்டுவது கட்டாயமாயிற்று. நட்சத்திரம் கூடக் கூடச் செலவு குறையும்.

இன்னொன்று. விசிறி அறையைக் குளிர வைப்பதில்லை. நம் உடம்பு வியர்வையை உலர்த்தித்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. ஆகவே ஆள் இல்லாத அறையில் அது சுற்றுவது வீண் செலவு.

கடைக்குப் போகுமுன்

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று மின்சாரத் தொழிலாளியிடம் காட்டிக் கேளுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் கட்டில் எங்கே, நாற்காலி எங்கே என்று முடிவு செய்த பிறகே தளத்தில் கொக்கி பதிக்கச் சொல்ல வேண்டும். அறைக்கு நடுவில் கொக்கியும், மூலையில் கட்டிலும் இருந்தால் யாருக்கு லாபம்?

அளவு, உயரம், காற்று, செலவு ஆகிய நான்கும் சரியாக இருந்தால், பிறகு வர்ணத்தை உங்கள் விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம். சித்திரை மாதத்து இரவில் வீட்டிலுள்ளவர்களை நிம்மதியாகத் தூங்க வைக்கும் விசிறியே அழகான விசிறி.