பனிக்கரையிற் கச்சான்

பண்டைத் தமிழர் காற்றினை அது வரும் திசைநோக்கிப் பெயரிட்டழைத்தனர். வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. வெயிற் காலத்திற்கும் கோடை என்னும் பெயரே வழங்குதல் நோக்கத்தக்கது. அம்மேல்காற்றை எம்மவர் கச்சான் என்பர். ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பிற் கச்சான் வீசுங்கால், கடலருகே இருந்தும் உடல் வெதும்புதலை அங்கு வாழ்ந்தோர் நன்கறிவர். இதே இயல்புடைய காற்றொன்று, பனி மூடிய தென்முனைக் கண்டத்தின் கரையிலும் வீசுகின்றதென்றால் வியப்பன்றோ?

அந்தாட்டிக்காவிலிருந்து தென்னமெரிக்காவை நோக்கி நீண்டு கிடப்பது அந்தாட்டிக் குடாநாடு. அதன் வடமுனையில் ஆர்ஜென்டீனா நாட்டாரின் எசுப்பெரான்சா ஆய்வுநிலையம் உளது. அங்கே கோடைக்காலத்துச் சராசரி வெப்பநிலையும் உறைநிலையைச் சற்றே கடப்பதாகும். ஆயினும் 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி 17.5 பாகை செல்சியசும், 2020ஆம் ஆண்டு பெப்ருவரி 6ஆந் திகதி 18.3 பாகையும் அங்குப் பதிவாயின. பின்னைய அளவை உலக வளிமண்டலவியல் நிறுவனம் ஆராய்ந்து 2021இல் ஏற்றுக்கொண்டது.

இவ்வெம்மை யாண்டிருந்து வந்தது? வெயில் மட்டும் இதற்குக் காரணமாகாது. கோடையிற் பகல் நெடிதாயினும் கதிர்கள் சாய்ந்தே விழுகின்றன; விழுந்தவற்றிற் பெரும்பகுதியைப் பனி திருப்பிவிடுகின்றது. காரணம் காற்றிலும் மலையிலும் உளது.

குடாநாட்டின் முதுகெலும்பு போல உயர்ந்த மலைத்தொடர் ஒன்று செல்கின்றது. மேற்குக் கடலினின்று வரும் ஈரக்காற்று அதன்மீது ஏறுகின்றது. ஏறுங் காற்று விரிந்து குளிர்கின்றது. நீராவி ஒடுங்கி மழையாகவும் பனியாகவும் பொழிகின்றது. ஆவி ஒடுங்குங்கால் தன்னுள் அடங்கிய மறைவெப்பத்தை வெளிவிடுதலின் காற்று குளிரும் வேகம் குறைகின்றது. மறுபுறம் இறங்குங் காற்றோ வறண்டது. அது அமுங்கி விரைவில் வெப்பமடைகின்றது.

ஓர் எளிய கணக்கினாற் காண்போம். ஈரம் நிரம்பிய 2 பாகைக் காற்று, 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 7 பாகை வீதம் குளிர்ந்து 2,000 மீற்றர் ஏறின், உச்சியில் உறைநிலைக்குக் கீழ் 12 பாகையாகும். அது இறங்குங்கால் 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் வெப்பம் பெறும். அடிவாரத்தை அடையும்போது 8 பாகையாயிருக்கும். நீரை ஒருபுறம் ஈந்த காற்று மறுபுறம் வெம்மையைக் கொணர்கின்றது. அல்ப்சு மலைநாட்டார் இதனை ஃபோன் என்பர். நுவரெலியா மழையில் நனைய மட்டக்களப்பு வெதும்புவதும் இவ்வாறே.

சிலபோது கீழ்நிலைக் குளிர்காற்று மலையைக் கடக்க இயலாது தடைப்பட்டு நிற்கும். அப்போது மேல்நிலையிலுள்ள வளியே மறுபுறம் இறங்கி வெப்பமடையும். இதற்கு மழை வேண்டியதில்லை. வடக்கினின்று வெம்மையான வளியும் வந்து சேருமாயின் வெப்பம் மிகும். 2020இல் அப்பகுதியிற் பெரியதோர் உயரமுக்கத் தொகுதி நிலைகொண்டு, இத்தகைய இறங்குகாற்றுக்கு வழிவகுத்தது.

இது வெறும் வியப்பன்று. மலைத்தொடரின் கீழ்ப்புறத்தே கடலில் மிதந்திருந்த லார்சன் ‘பி’ எனும் பனித்தட்டின்மீது, கோடை வெம்மையால் உருகிய நீர் குளங்களாய்த் தேங்கிற்று. அந்நீர் வெடிப்புகளிற் புகுந்து பனியைப் பிளந்தது. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீற்றர் பரப்புச் சில வாரங்களிற் சிதறியது. குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகின் நீர்மட்டம் உயராதது போல, மிதக்கும் தட்டின் சிதைவு கடலைப் பெரிதும் உயர்த்தாது. ஆயினும் அது நிலத்துப் பனியாறுகளைத் தடுத்து நின்ற கதவு. கதவு நீங்கவே அவை விரைந்து கடலுட் புகுந்தன. கடல்மட்டத்தை உயர்த்துவது இப்பனியே. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கு மேல்காற்று வலுத்தமைக்கு, ஓசோன் குறைவும் பச்சைவீட்டு வாயுக்களும் காரணமென ஆய்வாளர் காட்டியுளர். கடலினின்று சிறிதே உயர்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நாம், இதனைத் தொலைதூரச் செய்தியென ஒதுக்கல் தகாது.

மாணவர் கருதத்தக்க பிறிதொன்றும் உளது. 2020 பெப்ருவரி 9ஆந் திகதி, அண்மையிலுள்ள சீமோர் தீவிற் கருவியொன்று 20.75 பாகை காட்டிற்று. அச்செய்தி உலகெங்கும் பரவியது. ஆயின் வெப்பமானியை வெயிலினின்று காக்கும் கவசம் செவ்வனே அமையாமையால், அவ்வளவு ஏற்கப்படவில்லை. பெரிய எண்ணை விட மெய்யான எண்ணே அறிவியலுக்கு வேண்டுவது. கேட்டதையெல்லாம் கொள்ளாது மெய்ப்பொருள் ஆராய்தலே கல்வியின் பயன். நம் கல்லூரி தன் மாணாக்கரிடம் எதிர்பார்ப்பதும் அதுவே.