பரிந்துரைக் கடிதம் மட்டும் போதுமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து அறைவீட்டிற்குத் திரும்பும்போது, நமக்காகக் காத்திருப்போருள் இளைஞர் ஒருவரேனும் இல்லாத வாரம் இல்லை. கையில் சான்றிதழ்கள் அடங்கிய உறை. சற்றுப் பின்னால் முக்காட்டுடன் நிற்கும் தாய். "சாமி, ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். உங்கள் பேச்சைத் தட்ட மாட்டார்கள்" என்பதே வேண்டுகோள். நாமும் எழுதுகிறோம், பங்கின் முத்திரையை அழுத்திப் பதிக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. அவற்றால் வேலை பெற்றோரையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் சுமை வண்டி வாங்கக் கடன் பெறுவதற்கு நாமே முன்னின்றோம். கடன் கிடைத்தது, வண்டியும் வந்தது. ஆனால் கணக்கு எழுதக் கற்பிக்கவோ, வாடிக்கை பிடிக்க வழி சொல்லவோ, பழுது நேர்ந்தபோது கைகொடுக்கவோ எவரும் இல்லை. இரண்டாம் ஆண்டில் தவணை தவறியது. வண்டி போயிற்று; தாயின் நகையும் உடன் போயிற்று. கடன் வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். அந்தத் தாயின் முகத்தை ஏறிட்டு நோக்க இன்றும் நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. இளைஞரின் பிழைப்புக்கு ஒரு பங்கு உண்மையில் என்ன செய்ய இயலும் என்று தேடத் தொடங்கியபோதுதான், துணைப் பங்குத் தந்தை ஒருவரின் வரலாறு நம் கண்ணில் பட்டது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

லொயோலாவுக்கு அண்மையில் ஓர் ஊர்

வட ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், கிப்புஸ்கோவா மாநிலத்தில் உள்ளது மொந்திரகோன் என்னும் ஊர். புனித இஞ்ஞாசியார் பிறந்த லொயோலாவும் அம்மாநிலத்திலேயே இருக்கிறது. 1941 பெப்ருவரியில் இவ்வூருக்குத் துணைப் பங்குத் தந்தையாக வந்து சேர்ந்தார் அருள்தந்தை ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா. வயது 25. சிறுவயதில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு உயிர் தப்பியவர். பெல்ஜியம் சென்று சமூகவியல் கற்க விரும்பியவரை ஆயர் இவ்வூருக்கு அனுப்பிவைத்தார். மறையுரையாற்றுவதில் அவர் வல்லவர் அல்லர் என்பர்.

அன்று அவ்வூரின் மக்கள்தொகை சுமார் 8,000. போரில் நொந்து, வறுமையில் வாடிய ஊர். பெரிய பூட்டுத் தொழிற்சாலை ஒன்று தொழிற்பயிற்சிப் பள்ளி நடத்திவந்தது. அதில் அங்குப் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கே முதலிடம். ஏனைய இளைஞருக்கும் கதவைத் திறக்குமாறு இளங்குரு கேட்டார், நிருவாகம் இசையவில்லை.

முதலில் பள்ளி

அவர் சோர்ந்துவிடவில்லை. பெற்றோரையும் இளைஞரையும் கூட்டிப் பேசினார். தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. புதிய பள்ளிக்கு எவ்வளவு பணம் தர இயலும், அல்லது எவ்வகையில் உழைப்புத் தர இயலும் என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிப் போடும்படி வேண்டினார். ஏறத்தாழ 600 பேர் எழுதிப் போட்டனர். 1943இல் 20 மாணவர்களோடு தொழிற்பள்ளி தொடங்கிற்று.

அருகில் பல்கலைக்கழகம் இல்லை. பள்ளி முடித்தோர் பகலில் ஆலையில் உழைத்து, மாலையில் படித்து, தொலைவிலுள்ள சரகோசா பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதுவதற்கு அவர் ஏற்பாடு செய்தார். 1952இல் 11 பேர் பொறியியல் தேர்ச்சி பெற்றனர். தொழிலோடு சேர்த்து, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வழங்கிய 'ரேரும் நோவாரும்' முதலிய சமூகச் சுற்றுமடல்களையும் இளைஞர் வட்டங்களில் கற்பித்துவந்தார். கை தொழில் பழகியபோதே, உழைப்பின் மாண்பை உள்ளமும் உணர்ந்தது. ஊருக்கு வந்து பதினான்கு ஆண்டுகள்வரை அவர் ஒரு தொழிற்சாலையும் தொடங்கவில்லை. ஆளை உருவாக்குவதே அவருடைய வேலையாக இருந்தது. இப்பொறுமை நம்மைப் போன்றோருக்கு எளிதில் வருவதன்று.

பின்னரே தொழில்

அப்பதினொருவருள் ஐவர், 1955இல் சொந்தமாகத் தொழில் தொடங்கத் துணிந்தனர். ஊரில் நூறு பேரளவில் அவர்களுக்குப் பணம் கொடுத்தனர். என்ன பொருள் செய்யப்போகிறார்கள் என்பதே அப்போது முடிவாகவில்லை! பள்ளியில் வளர்ந்த பிள்ளைகளின் நேர்மையை நம்பியே மக்கள் கொடுத்தனர். 1956இல் தம் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'உல்கோர்' என்னும் ஆலையை ஐவரும் ஊரில் நிறுவினர். முதற்பொருள், நம் வீடுகளுக்கும் பழக்கமான மண்ணெண்ணெய் அடுப்பு!

இவ்வாலை கூட்டுறவாக அமைந்தது. உழைப்பவரே உடைமையாளர், ஒருவருக்கு ஒரு வாக்கு. தொடக்க ஆண்டுகளில் மிக உயர்ந்த ஊதியம், கடைநிலை ஊதியத்தின் மூன்று மடங்கைத் தாண்டலாகாது என்பது விதி. சேருவோர் ஒவ்வொருவரும் தம் பங்குத் தொகையைச் செலுத்தவேண்டும். இயலாதோர் ஊதியத்திலிருந்து தவணையாகச் செலுத்தலாம். இலவசமாக ஒன்றும் வழங்கப்படவில்லை. தம் பணம் உள்ளே இருந்தமையால் இளைஞர்கள் ஆலையைத் தம் வீடாகக் கருதினர்.

சேமிப்பும் ஞானத்தந்தையும்

1959இல் உழைப்பாளர் சேமிப்பு வங்கி ஒன்று தோன்றிற்று. இதற்கு அந்த ஐவரே முதலில் உடன்படவில்லை. குருவானவரின் பிடிவாதமே வென்றது. ஊரார் சேமிப்பு ஊர்ப் பிள்ளைகளின் தொழிலுக்கே திரும்பியது.

அவ்வங்கி பணம் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை என்பதே நம் நெஞ்சைத் தைத்த செய்தி. தொழில் தொடங்க விரும்பும் நண்பர் குழு ஒன்று வந்தால், வங்கியின் தொழில் வல்லுநர் ஒருவர் அக்குழுவுக்குத் துணையாக அமர்த்தப்பட்டார். அவரை மக்கள் 'ஞானத்தந்தை' என்றே அழைத்தனர். என்ன பொருள், எங்கே சந்தை, எவ்வளவு செலவு என்று குழுவோடு நெடுங்காலம் ஆய்ந்து, தொழில் நிலைபெறும்வரை அவர் உடனிருந்தார். அவ்வாறு தொடங்கியவற்றுள் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் மூடப்பட்டவை மிகச் சிலவே. நாம் கடன் வாங்கிக் கொடுத்த இளைஞருக்கு இல்லாமற்போனது இந்த ஞானத்தந்தையே.

1966இல் 'அலெக்கோப்' என்னும் மாணவர் கூட்டுறவும் உருவாயிற்று. மாணவர்கள் அரைநாள் படித்தனர். அரைநாள் தங்கள் ஆலையில் உழைத்தனர். படிப்புச் செலவை ஈட்டிக்கொண்டதோடு, பள்ளியை விட்டு வெளியேறும்போதே தொழில் அறிந்தவராகவும் விளங்கினர்.

வீழ்ச்சியும் ஒரு பாடம்

இவ்வரலாறு வெற்றி மட்டுமே கொண்டதன்று. உல்கோரிலிருந்து வளர்ந்த வீட்டுச் சாதன ஆலை, 2008இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவாலும் பெருங்கடனாலும் 2013இல் முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். கடன் பத்திரம் வாங்கிய எளியோர் பலர் வருந்தினர். எனினும் பாஸ்க் நாட்டு உறுப்பினருள் பெரும்பாலோருக்கு உடன்பிறப்புக் கூட்டுறவுகள் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ அளித்துத் தாங்கின. தொழிலில் தோல்வி எவருக்கும் நேரும். தோற்றவனைத் தூக்கிவிட ஆள் உண்டா என்பதே கேள்வி. அக்கூட்டுறவுக் குடும்பத்தில் இன்று ஏறத்தாழ 70,000 பேர் பணிபுரிகின்றனர். 1976இல் மறைந்த அருள்தந்தையின் வீரத்துவ நற்பண்புகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 திசம்பரில் ஏற்று, அவரை 'வணக்கத்திற்குரியவர்' நிலைக்கு உயர்த்தினார்.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

நம் ஊர்களை மொந்திரகோன் ஆக்கிவிடலாம் என்று நாம் கனவு காணவில்லை. ஆயினும் அதன் மூன்று கூறுகள் நம்மிடமும் உள்ளன. ஒன்று பயிற்சி: அரசு தொழிற்பயிற்சி நிலையங்களும், துறவற சபையார் நடத்தும் தொழிற்பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் பட்டம் பெற்ற பிள்ளை குறடு பிடிப்பதைக் குறைவாகக் கருதும் மனப்பாங்கும் நம் குடும்பங்களில் இருக்கிறது. மற்றொன்று சேமிப்பு: 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று தமிழகமெங்கும் பரவியுள்ளன. தாய்மார் கற்ற அப்பாடத்தைப் பிள்ளைகள் ஏன் கற்கலாகாது?

மூன்றாவது, ஞானத்தந்தை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கணக்கர், பட்டறை நடத்தி நரைத்தவர், கடை வைத்து வளர்ந்தவர் என ஒவ்வொரு பங்கிலும் சிலர் உண்டு. திருமுழுக்கில் குழந்தையைக் கையில் ஏந்தும் நாம், அக்குழந்தை வளர்ந்து தொழில் தேடி நிற்கும்போது ஒதுங்கிவிடுகிறோம். ஓர் இளைஞர் குழுவுக்கு ஈராண்டுகள் துணைநிற்கவும், மாவட்டத் தொழில் மையத்திற்கு உடன் சென்று வரவும், மாதம் ஒருமுறை கணக்கைப் பார்த்துத் தவறைச் சுட்டவும் இவர்களால் இயலும்.

தமிழில் 'பங்கு' என்னும் சொல் நம் ஆலயச் சமூகத்தையும் குறிக்கிறது. பகிர்ந்துகொள்ளும் கூறையும் குறிக்கிறது. நம் இளைஞருக்குப் பங்கு இல்லாத பங்காக நம் பங்கு இருக்கலாகாது.

அடுத்த ஞாயிறும் ஒருவர் உறையோடு வந்து நிற்பார். கேட்ட கடிதத்தை மறுக்கமாட்டோம். ஆனால் எழுதுமுன், "தம்பி, உன்னோடு சேர்ந்து கற்க, சேர்ந்து சேமிக்க இன்னும் நால்வரை அழைத்துவர இயலுமா?" என்று கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். அவர்கள் வந்தால், துணைநிற்க ஒருவரைத் தேடித் தருவது நம் பொறுப்பு. அந்த ஒருவர், இதை வாசிக்கும் தாங்களாகவும் இருக்கலாம்.