விளையாட்டுப் பாடமும் மாற்றுடையும்

பாடசாலை மாணவர் விளையாட்டுப் பாடத்திற்கென உடை மாற்றுதல் வேண்டுமா என்பது முதல் நோக்கில் அற்பமான வினாவாகத் தோன்றும். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றிக் கவலையுறும் பெற்றோர் இதனை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. ஆயினும், புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, கற்பிட்டி தொடங்கி முந்தல், உடப்பு, சிலாபம் ஈறாகவுள்ள ஊர்களில், இவ்வினாவுக்குப் பாடசாலை அளிக்கும் விடையைப் பொறுத்தே ஒரு சிறுமி மைதானத்தில் இறங்குவதும் மரநிழலில் ஒதுங்குவதும் அமைந்துவிடக் கூடும். ஆதலின் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும்.

புத்தளத்து உப்பளங்களைக் கண்டோர்க்கு வியர்வையின் தத்துவத்தை விளக்குவது எளிது. பாத்திகளிலே கட்டிய நீரை வெயிலும் காற்றும் உறிஞ்ச, உப்பு எஞ்சுகின்றது. ஓடியாடிய பிள்ளையின் தோலிலும் நிகழ்வது இதுவே. நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை உடலிலிருந்தே எடுத்துச் செல்கின்றது. ஒரு கிராம் வியர்வை இவ்வாறு கொண்டு செல்லும் வெப்பம், அரை லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்தப் போதுமானது. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் உப்பளத்திலே நீர் எளிதில் வற்றாது. அதே நாட்களில் பிள்ளையின் வியர்வையும் உலராது, உடலும் குளிராது. உலர்ந்த பின் சட்டை முதுகில் ஓடும் வெண்கோடு, அப்பிள்ளை விளைவித்த உப்பேயன்றி வேறன்று.

இங்கே துணியின் இயல்பையும் அறிதல் வேண்டும். நூறு பங்கு உலர்ந்த பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே எட்டரைப் பங்கு ஈரத்தைப் பற்றிக்கொள்ளும்; பொலியெஸ்டர் என்னும் செயற்கை இழையோ அரைப் பங்குகூடப் பற்றுவதில்லை. ஆகவே பருத்திச் சட்டை நனைந்தால் எளிதில் உலராது. விளையாட்டு வீரர் செயற்கை இழையாலான மெல்லிய மேற்சட்டையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நனைந்த சீருடையுடன் எஞ்சிய பாடவேளைகளைக் கழிக்கும் மாணவனுக்கு வேர்க்குருவும் தேமலும், இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரையும் தோன்ற இடமுண்டு. ஈரச் சட்டையால் தடிமன் பிடிக்கும் என்று வீடுகளிற் சொல்லப்படுவது மட்டும் சரியன்று. தடிமனுக்குக் காரணம் வைரசுக் கிருமிகளே.

இனி, நாற்றத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு மணமில்லை. பருவமெய்தும் வயதில் அக்குளிலும் பிற மறைவிடங்களிலும் ஒருவகைச் சுரப்பிகள் தொழிற்படத் தொடங்குகின்றன. அவற்றின் சுரப்பைத் தோலில் வாழும் பற்றீரியாக்கள் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கின்றது. எனவே ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு இது பெரிய பிரச்சினையன்று. தரம் 6, 7 அளவில், தன் உடலைப் பற்றிப் பிள்ளை கூச்சங்கொள்ளத் தொடங்கும் அதே காலத்தில், அது வந்து சேர்கின்றது. உடை மாற்றவேண்டிய தேவையும் உடை மாற்றுவதற்கான நாணமும் ஒரே வயதிற் பிறப்பது இவ்விடயத்தின் சிக்கல்களுள் ஒன்று.

சீருடையை நோக்குவோம். இலங்கைப் பாடசாலைகளில் வெண்ணிறமே பெரும்பாலும் ஆட்சி செய்கின்றது. 1993ஆம் ஆண்டிலிருந்து அரசு சீருடைத் துணியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்திற்குப் பின் வறிய பெற்றோருக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்களுள் அது ஒன்று. எனினும் விளையாட்டுடை அதில் அடங்கவில்லை. கிடைத்த துணியில் தைத்த ஓரிரு சட்டைகளே பல பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதற்கும் உரியவை. மைதானத்துச் செம்மண்ணும் மணலும் படிந்த வெள்ளைச் சட்டையை அன்றிரவே துவைத்து, மறுநாட் காலைக்குள் உலர்த்தியாக வேண்டும்.

துவைப்பதும் இக்கரையில் எளிதன்று. புத்தளத்திலும் வண்ணாத்திவில்லுப் பகுதியிலும் நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. சீமெந்துத் தொழிற்சாலைக்கு அருவக்காட்டில் அகழப்படுவதும் அக்கல்லே. அதனூடே ஊறிவரும் கிணற்று நீர் வன்னீராகும். வன்னீரிலே சவர்க்காரம் நுரைப்பதில்லை. நீரிலுள்ள கல்சியத்துடன் கூடி வெண்படிவாகத் திரிந்து, துணியிற் படிந்து, வெள்ளையை மங்கச் செய்கின்றது. களப்போரத்துச் சில கிணறுகளில் உவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். சீருடை மங்கிய பிள்ளையைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் அவ்வூர்க் கிணற்று நீரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

இவற்றையெல்லாம் கருதினால், விளையாட்டுக்கு வேறுடை வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. நீண்ட வெள்ளைச் சட்டையுடன் ஒரு மாணவி நீளம் பாய முடியாது. 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்ட கரப்பந்தாட்டத்தில் நிலத்தில் விழுந்து பந்தை எடுக்கவும் துணியமாட்டாள். பிரச்சினை எங்கே எழுகின்றதெனில், வேறுடையை எங்கே, எப்போது அணிவது என்பதிலேயே.

காலத்தைக் கணக்கிடுவோம். பாடவேளை 40 நிமிடம். மைதானத்திற்குச் செல்லுமுன் ஐந்து நிமிடமும் திரும்பிய பின் ஐந்து நிமிடமும் உடைமாற்றத்திற் கழிந்தால், பாடத்தின் காற்பங்கு போய்விடும். நாற்பது மாணவியருக்கு மலசலகூடம் இரண்டே உள்ள இடத்தில் ஐந்து நிமிடமும் போதாது.

இடத்தின் குறை அதனினும் பெரிது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். வகுப்பறைக்கே இடம் தேடிய பாடசாலைகளில் உடை மாற்றும் அறையைப் பற்றி நினைக்க யாருக்கு நேரமிருந்தது? பிற்காலத்தில் எழுந்த கட்டடங்களிலும் ஆய்வுகூடத்திற்கும் கணினி அறைக்கும் கிடைத்த கவனம், தாழ்ப்பாளுள்ள ஒரு சிற்றறைக்குப் பொதுவாகக் கிடைத்ததில்லை. வகுப்பறையின் யன்னலிலே புத்தகப் பைகளைச் சாத்தி மறைப்புச் செய்துகொண்டு மாணவியர் உடை மாற்றுவது நாட்டின் பல பாகங்களிலும் அறியாத காட்சியன்று. மாதவிடாய் நாட்களில் அதுவும் இயலாது. அந்நாளில் “வயிற்றுவலி” என்றொரு கடிதத்துடன் வருபவள், நாளடைவில் எல்லா வாரத்திலும் கடிதத்துடன் வரத் தலைப்படுகிறாள்.

இது இக்கரைக்கு மட்டும் உரிய குறையன்று. உலக சுகாதார நிறுவனம் சார்ந்த ஆய்வாளர் 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2016ஆம் ஆண்டில் 11 முதல் 17 வயது வரையிலான ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேரும் பெண்பிள்ளைகளில் 85 பேரும் நாளொன்றுக்கு வேண்டிய ஒரு மணிநேர உடலுழைப்பைப் பெறவில்லை. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. எனினும் அவற்றுட் சில, ஒரு கதவினாற் களையக் கூடியவை.

சிலர், “இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நமது பிள்ளைகளுக்கு வெட்கம் இயல்பு” என்று கூறி விடயத்தை முடித்துவிடுவர். உண்மையில், நாணத்தைக் காத்துக்கொண்டே உடை மாற்றும் கலையை இக்கரையோரத்தவர் நன்கறிவர். கடலிலிருந்து மீண்ட தொழிலாளி, உலர்ந்த சாரத்தைத் தலைவழியே இட்டு, அதன் விளிம்பைப் பல்லாற் கவ்விக்கொண்டு, உள்ளே ஈரவுடையைக் களைகின்றான். பக்கத்தில் நிற்பவன் ஒன்றும் காண்பதில்லை. கிணற்றடியிலே பெண்கள் குறுக்குக்கட்டுடன் குளித்து, அதன்மேலேயே உலர்ந்த சேலையைச் சுற்றிக்கொள்வர். இஸ்லாமிய ஒழுக்கநெறியும் ஆணுக்கு முன் ஆணும், பெண்ணுக்கு முன் பெண்ணுமேகூட உடலின் குறித்த பாகத்தை மறைத்தே இருத்தல் வேண்டும் என்கின்றது. ஆகவே மேல்நாட்டுப் பாடசாலைகளிற் போன்று எல்லாரும் ஒருங்கே நின்று ஆடை களையும் பொது அறை இங்கே பொருந்தாது. தனித்தனி மறைப்புகளே வேண்டும். ஆண்பிள்ளைக்கு நாணமில்லை என்று எண்ணுவதும் தவறு; உடலில் தழும்போ, மிகு மெலிவோ உள்ள சிறுவன் சட்டையைக் கழற்ற எவ்வளவு அஞ்சுவான் என்பதை அவனே அறிவான்.

மேல்நாட்டு வரலாறும் ஒரு பாடத்தை வைத்திருக்கின்றது. சுவீடன் நாட்டில் பிறந்த மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்ரபேர்க் அம்மையார் 1885இல் இலண்டனிலே பெண்களுக்கான உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நீண்ட பாவாடையும் இறுகிய கச்சும் அணிந்து பெண்கள் மூச்சுத் திணறிய காலம் அது. 1890களில் அவருடைய மாணவியர் தோளிலிருந்து தளர்ந்து தொங்கும் குறுகிய உடையொன்றைத் தேகாப்பியாசத்துக்கென அணியலாயினர். பின்னர் நிகழ்ந்தது விந்தையானது: விளையாட்டுக்கெனத் தைத்த அவ்வுடையே இங்கிலாந்துப் பாடசாலைகளில் மாணவியரின் நித்திய சீருடையாகிவிட்டது. மைதானத்து உடை வகுப்பறைக்குள் நுழையலாகாது என்பது எக்காலத்துக்கும் உரிய விதியன்று என்பதற்கு இதுவே சான்று.

2020இல் கொவிட் தொற்றுப் பரவியபோது, உடை மாற்றும் அறைகளில் நெருக்கம் கூடாதென்று, இங்கிலாந்தின் பல பாடசாலைகள் விளையாட்டுப் பாடமுள்ள நாட்களில் மாணவரை விளையாட்டுடையிலேயே வருமாறு பணித்தன. தொற்று நீங்கிய பின்னும் சில பாடசாலைகள் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. கதவில்லாத பாடசாலைக்கு இதுவே தக்க வழி. இதனாற் பாடநேரம் குறையாது. யன்னலில் பைகளைச் சாத்தவும் வேண்டாம். வெள்ளைச் சட்டையும் ஒருநாள் ஓய்வு பெறும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அது வலுவான மறுப்பே. சீருடையின் பயன் சமத்துவம். விளையாட்டுடை என்றதும் ஒரு பிள்ளை பேர்பெற்ற நிறுவனத்தின் மேற்சட்டையும் விலையுயர்ந்த சப்பாத்தும் அணிந்துவர, மற்றொரு பிள்ளை அண்ணனின் பழைய காற்சட்டையுடன் நிற்க நேரும். ஆகவே உடை எளியதாகவும் ஒரே வகையினதாகவும் இருத்தல் வேண்டும்: இல்லத்தின் நிறத்தில் எழுத்தில்லாத ஒரு மேற்சட்டை, கருநிற நீளக்காற்சட்டை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எப்படியும் வாங்குகின்ற சட்டையே ஆண்டு முழுவதும் பயன்பட்டுவிடும். முக்காடு அணியும் மாணவிக்குக் கழுத்தோடு பொருந்தித் தைத்த, ஊசி குத்தாத தலையுடை போதும். உதைபந்தாட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச சபை 2014இலும் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் தலையை மறைக்கும் ஆடைக்கு இடமளித்துவிட்டன. உலகப் போட்டியில் அனுமதிக்கப்பட்டதைப் பாடசாலை மைதானத்தில் மறுப்பது விநோதமாகும்.

உடை கொண்டுவராத பிள்ளையை வெயிலில் நிறுத்துவதும், பாடத்திலிருந்து விலக்கி அமர்த்துவதும் அறவே கூடாதவை. சட்டை இல்லாமைக்குத் தண்டனையாக ஓட்டத்தைப் பறிப்பது எவ்வகைக் கல்வி என்பது விளங்கவில்லை. உதவிச் சட்டைகள் நாலைந்தை அலுமாரியில் துவைத்து வைத்திருந்தால் ஆசிரியரின் கோபத்துக்கே இடமிராது.

விளையாட்டுடையில் வந்தாலும் வியர்த்த மேற்சட்டையை மாற்றும் தேவை நீங்காது. அதற்கு உடல் முழுவதும் கழுவவேண்டியதில்லை. முகமும் அக்குளும் கழுவி, துவாயால் துடைத்து, உலர்ந்த ஒரு சட்டையை அணிந்தாலே போதும். பாடவேளையை இடைவேளைக்குச் சற்று முன்னதாக அமைத்துவிட்டால் இதற்கு நேரமும் கிடைக்கும். உணவுக்குரிய நேரத்தில் சில நிமிடங்கள் குறையும் என்பது உண்மையே, ஆயினும் உச்சிவெயிலில் ஓடவிடுவதினும் அது மேல். தென்னை முக்கோணத்தைச் சேர்ந்த இம்மாவட்டத்திலே கிடுகுக்குப் பஞ்சமில்லை. மலசலகூடத்தின் பக்கச்சுவரை ஒரு புறமாகக் கொண்டு, கிடுகுத் தட்டியால் ஆறு சிறு மறைப்புகளை எழுப்புவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பழைய மாணவருக்கும் ஒரு விடுமுறை நாள் வேலை. மேலே கூரையும், உள்ளிருந்து பூட்டும் தாழ்ப்பாளும், சட்டை மாட்ட ஓர் ஆணியும், வெளியே ஒரு நீர்க்குழாயும் அமைதல் வேண்டும். வாயில் மைதானத்தை நோக்காமல் மதிலை நோக்கியிருப்பது நன்று. மே முதல் செப்டெம்பர் வரை கற்பிட்டியில் வீசும் தென்மேற்குக் காற்று கிடுகைப் பிய்த்தெறியும் வலிமையுடையது. ஆகவே தட்டிகளைக் கம்புகளோடு இறுகக் கட்டுதல் அவசியம். அதே காற்றில், கொடியிலிட்ட நனைந்த மேற்சட்டைகள் பாடசாலை விடும் மணி அடிப்பதற்குள் உலர்ந்துவிடும்.