பல்லின் பிறப்பு

குழந்தையின் முதற்பல் ஏறக்குறைய 6ஆம் மாதத்திலே முரசைக் கீறி வெளிவருகின்றது. பல்லின் பிறப்பு அன்றென எண்ணுவோர் பலர். உண்மையில், கருவளர்ச்சியின் 6ஆம் வாரமளவிலேயே பல்லரும்புகள் தோன்றத் தொடங்குகின்றன. 4ஆம் மாதமளவிற் கல்சிய உப்புக்கள் படிந்து அவை இறுகத் தொடங்குகின்றன. இவ்வாறு உருவாகும் 20 பாற்பற்களும் ஏறக்குறைய 3 வயதுக்குள் வெளிவந்துவிடும்.

ஆறு வயதளவில், எப்பாற்பல்லின் இடத்தையும் பற்றாது, அவற்றின் பின்னே 4 கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவற்றையும் பாற்பற்களென மயங்கி, விழுந்தால் வேறு முளைக்குமென வாளாவிருப்போர் உளர். இவையோ பிறப்பையொட்டி இறுகத் தொடங்கிய நிலையான பற்கள். பல்லின் மேற்போர்வையாகிய மிளிரியை ஆக்கும் கலங்கள் பல் வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆதலின், சூத்தையாற் குழிந்த மிளிரியை உடல் மீண்டும் ஆக்கமாட்டாது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கடைசிப் பல்வரை துலக்கக் கற்பித்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாகும்.